ஆளில்லாத அறைகளைப் படம்பிடிக்கும் அம்மையார்

ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது எதை? கட்டுரையையா, கவிதையையா? உண்மையைச் சொன்னால், வகுப்புப் படத்தில் நம் முகம் எங்கே இருக்கிறது, கண்கள் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்பதைத்தான். அடுத்துத் தோழியின் முகம். அதற்கடுத்துக் கோப்பையுடன் நிற்கும் கூடைப்பந்து அணியினரின் முகங்கள். புகைப்படம் என்றாலே முகம் என்பது நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. அப்படியிருக்க, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் மனித முகமே இல்லாத படங்களை எடுத்து, அவற்றாலேயே உலகப் புகழ் பெற்ற ஒருவர் இருக்கிறார் என்றால் வியப்பாக இல்லையா?

அவர்தாம் ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் காண்டிடா ஹோஃபர் அம்மையார். நூலகங்கள், நாடக அரங்குகள், அருங்காட்சியகங்கள், அரண்மனைக் கூடங்கள், தேவாலயங்கள், பல்கலைக்கழக மண்டபங்கள் என்று, மக்கள் கூடுவதற்கென்றே கட்டப்பட்ட இடங்களை மக்கள் இல்லாத வேளையில் படமெடுப்பவர். அந்தப் படங்கள் நம் வீட்டு ஆல்பத்தில் ஒட்டுகிற அளவினவல்ல. பல படங்கள் ஓர் ஆளின் உயரத்தையும் தாண்டும். புத்தகத்தில் உள்ளங்கை அளவில் பார்த்த எங்களுக்கே, அந்தக் கூடத்தின் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதுபோல் தோன்றியது என்றால், சுவர் நிறையப் பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

ஹோஃபர் 1944-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், பெர்லினுக்கு வடகிழக்கே உள்ள எபர்ஸ்வால்டே என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜெர்மனியில் வானொலி, தொலைக்காட்சி மூலம் பெயர் பெற்ற பத்திரிகையாளர். கொலோன் நகரில் ஒரு புகைப்பட நிலையத்தில் தொழில் பழகிய ஹோஃபர், 1964 முதல் 1968 வரை அதே நகரின் கலைப் பள்ளியில் பயின்றார். பிறகு செய்தித்தாள்களுக்குப் படம் எடுத்தார். ஹாம்பர்க் நகரில் ஒரு புகைப்படக்காரருக்கு உதவியாளராகவும் இருந்தார். இவ்வளவும் ஆன பின்பு, 1973-இல் டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் மீண்டும் மாணவியாகச் சேர்ந்தார். முதலில் பயின்றது திரைப்படம். 1976-இல்தான் புகைப்பட வகுப்புக்கு மாறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு! பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் எந்தப் பிரிவு எடுக்கப் போகிறாய் என்று வீட்டுக்கு வருகிற உறவினர் அனைவரும் கேட்டுக்கொண்டிருக்கும் இந்நாளில், இந்தச் செய்தியைப் படித்ததும் எங்களுக்குச் சற்றே மூச்சு வந்தது.

அந்தப் புகைப்பட வகுப்பின் ஆசிரியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்னும் கணவனும் மனைவியும் சேர்ந்தே பணியாற்றியவர்கள். பேராசிரியர் பதவி கணவர் பெயரில் இருந்தாலும் மாணவர்களுக்கு வழிகாட்டியவர்கள் இருவருமே. இவர்கள் எதைப் படமெடுத்தார்கள் தெரியுமா? தண்ணீர்த் தொட்டிகளை! இரும்பு உருக்கும் உலைகளையும், நிலக்கரிச் சுரங்க வாயில்களில் நிற்கும் கோபுரங்களையும்கூட. மேகம் மூடிய வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேருக்கு நேர், கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஒன்பது அல்லது பன்னிரண்டு படங்களை வரிசையாக மாட்டுவார்கள். ஒரே புள்ளிக்கோலத்தைப் பத்து வீட்டு வாசல்களில் பார்த்துக்கொண்டே நடந்தால், ஒவ்வொரு கையின் பழக்கமும் வேறு வேறாகத் தெரியவரும் அல்லவா? அதுபோல, ஒரே வகைப் பொருளை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் வேற்றுமை கண்ணுக்குப் புலப்படும் என்பது அவர்கள் கொள்கை. ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி, தாமஸ் ஸ்ட்ரூத், தாமஸ் ரூஃப் முதலிய புகழ்பெற்ற கலைஞர்கள் எல்லோரும் அவ்வகுப்பில் உருவானவர்களே. அவர்கள் அனைவரையும்விட ஹோஃபர் பத்தாண்டு மூத்தவர். ஆசிரியர் கறுப்பு வெள்ளையை விடாதிருக்க, வண்ணத்திற்கு முதலில் மாறிய மாணவர்களுள் இவரும் ஒருவர்.

ஆனால், ஆளில்லாத படங்களுக்குப் பெயர் பெற்ற இவர் தொடங்கியது ஆட்களிடமிருந்துதான். இதுதான் இவர் வரலாற்றிலேயே எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் தொழிற்சாலைகள் பெருகின, கைகள் போதவில்லை. 1961-ஆம் ஆண்டு துருக்கி நாட்டுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு அங்கிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார்கள். அவர்களுக்கு இட்ட பெயர் ‘விருந்தாளித் தொழிலாளர்’. சில ஆண்டுகள் உழைத்துவிட்டு விருந்தாளியைப் போலத் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது எண்ணம். ஆனால் அவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொண்டார்கள். மளிகைக் கடை வைத்தார்கள். தேநீர்க் கடைகளில் கூடினார்கள். விடுமுறை நாளில் பூங்காப் புல்வெளியில் சமுக்காளம் விரித்துச் சாப்பிட்டார்கள். தெருவில் அவர்களைக் கடந்து போன ஜெர்மானியர் பலர் அவர்களை நின்று பார்த்ததில்லை. ஹோஃபர் நின்று பார்த்தார். 1972 முதல் 1979 வரை கடைகளிலும் வீடுகளிலும் பூங்காக்களிலும் அவர்களைப் படமெடுத்தார். ‘ஜெர்மனியில் துருக்கியர்’ என்னும் தலைப்பில் எண்பது வண்ண ஸ்லைடுகளாக அவை திரையில் காட்டப்பட்டன. கடைக்காரர் தராசின் பின்னே மிடுக்காக நிற்கிறார். வீட்டில் ஒரு குடும்பம் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. பின்னால் சுவரில் ஊர் நினைவாக ஒரு விரிப்பு தொங்குகிறது. ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களின் வீடு எந்த நாட்டிலும் இப்படித்தான் இருக்கும் போலும்! எங்கள் வகுப்பில் தந்தை வளைகுடா நாட்டில் வேலை செய்யும் தோழியர் நால்வர் உண்டு. அந்தச் சோபாப் படத்தை அவர்கள் நால்வரும் மற்றவர்களைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை ஆண்டுகள் எடுத்த பின் அவர் நிறுத்திக்கொண்டார். பிறருடைய வாழ்வுக்குள் கேமராவோடு நுழைவது அவருக்கு மனச் சங்கடமாக இருந்தது. கூச்ச சுபாவம் என்று சிலர் இதைச் சுருக்கிவிடுகிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று கைப்பேசி இல்லாத கை இல்லை. பேருந்து நிறுத்தத்தில், திருவிழாக் கூட்டத்தில், கல்யாண மண்டபத்தில், யாரென்றே தெரியாத ஒருவர் நம்மைக் கேட்காமல் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் படம் எங்கே போகும், யார் பார்ப்பார் என்று இரவெல்லாம் தூங்காமல் கவலைப்பட்ட பெண்ணை எங்களுக்குத் தெரியும். கேமராவைத் தூக்குவதற்கு எந்தக் கலைஞருக்கும் உரிமை உண்டு என்று வாதாடாமல், எதிரில் இருப்பவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்துக் கையை இறக்கியவர் இவர். அதனால் அவருடைய கலை வற்றிப் போகவில்லை, வேறு வழியில் பாய்ந்தது.

துருக்கியர் வீடுகளையும் கடைகளையும் எடுத்தபோதே அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். மனிதரைவிட அவர் இருந்த இடம் அவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது! எந்தப் பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எந்த நாற்காலி யாருக்கு, எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பனவெல்லாம் ஆட்கள் நிற்கும்போது நம் கண்ணில் படுவதில்லை. நாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். ஆட்கள் விலகியதும் அறை முன்னே வருகிறது. விருந்துக்கு வராதவரைப் பற்றித்தான் விருந்தில் அதிகம் பேசுவார்கள், அதுபோலத்தான் இதுவும் என்று அவரே ஒருமுறை விளக்கியிருக்கிறார். எவ்வளவு பொருத்தமான உவமை பாருங்கள்! 1980-க்குப் பிறகு காத்திருப்பு அறைகள், உணவுக் கூடங்கள், நூலகங்கள் என்று அவர் படமெடுக்கலானார்.

“காலியான கூடத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே, இதில் கலை எங்கே இருக்கிறது?” என்று எங்கள் வகுப்பிலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர் வேலை செய்யும் முறையை அறிந்தால் விடை ஓரளவு கிடைக்கும்.

அவர் பிளாஷ் விளக்கைப் பயன்படுத்துவதில்லை. வெளியிலிருந்து விளக்குகள் கொண்டுவந்து நிறுத்துவதும் இல்லை. சன்னலில் வரும் பகல் வெளிச்சம், அந்த அறையிலேயே உள்ள விளக்கு, இவையே போதும் என்பார். வெளிச்சம் குறைந்த கூடத்தில் அப்படி எடுப்பது எப்படி? குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகினால் குடம் நிரம்ப நேரமாகும். நேரமானாலும் நிரம்பத்தான் செய்யும். பிலிமும் அப்படியே. கேமராவின் கண்ணைச் சிறிதாகத் திறந்து நெடுநேரம் விட்டுவைத்தால், மெல்ல மெல்ல ஒளி சேர்ந்து படம் நிரம்பும். கண் சிறிதாகத் திறந்திருப்பதால் அருகிலுள்ள மேசையும் தூரத்திலுள்ள தூணும் ஒரே தெளிவுடன் விழும் என்பது கூடுதல் பயன். ஆனால் அதுவரை கேமரா அணுவளவும் அசையக் கூடாது. ஆகவே கையில் பிடிக்க முடியாது, முக்காலியில் பொருத்தியாக வேண்டும். அந்நேரத்தில் யாரேனும் குறுக்கே நடந்துபோனால் படத்தில் புகைபோலத் தெரிவார்கள், அல்லது தெரியாமலே போவார்கள்! ஆளில்லாத அறைக்கும் இந்த முறைக்கும் எவ்வளவு பொருத்தம் பார்த்தீர்களா?

தொடக்கத்தில் சிறிய கேமரா வைத்திருந்தவர், பிறகு சதுரப் படம் தரும் நடுத்தர வகைக்கும், அதன்பின் உள்ளங்கையைவிடப் பெரிய பிலிமை ஒவ்வொன்றாகச் செருகி எடுக்கும் பெரிய கேமராவுக்கும் மாறினார். இதனால் மிகப் பெரிதாக்கி அச்சிட்டாலும் நூல்களின் முதுகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே துலங்கும். பல படங்களில் கூடத்தின் நடுக்கோட்டில் நேராக நிற்கிறார், இடப் பக்கமும் வலப் பக்கமும் தராசுத் தட்டுகள் போல் சமமாக இருக்கின்றன. தலைப்பும் ஒப்பனை இல்லாதது. கட்டடத்தின் பெயர், ஊர், வரிசை எண், ஆண்டு, அவ்வளவே. ‘மோனத்தின் கீதம்’ என்பது போன்ற தலைப்புகளை விரும்பும் நம் கவிதைப் பக்கத்துத் தோழியர் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்!

இனி ஒரு படத்தைப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தில் செயின்ட் காலன் என்னும் நகரில் பழைய மடாலய நூலகம் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் புனித காலுஸ் என்னும் துறவி குடிசை அமைத்துத் தவம் செய்த இடத்தில் பின்னாளில் பெரிய மடாலயம் எழுந்தது. இப்போதுள்ள நூலகக் கூடம் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. வளைந்து வளைந்து செல்லும் மர அலமாரிகள், மேலே ஓவியம் தீட்டிய கூரை, கீழே கோலமிட்டதுபோல் இழைத்த மரத் தரை. தரை தேயாதிருக்கப் பார்வையாளர் காலணிக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். வாயிலின் மேல் கிரேக்க எழுத்தில், இது ஆன்மாவுக்கு மருத்துவம் செய்யும் இடம் என்னும் பொருளில் எழுதியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் துறவியர் தோலில் எழுதிய சுவடிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் துறவியர் இல்லை. 1805-ஆம் ஆண்டு அம்மடம் கலைக்கப்பட்டுவிட்டது. ஹோஃபர் 2001-இல் இந்தக் கூடத்தைப் படமெடுத்தார். ஆளில்லாமல் எடுத்தார் என்று சொல்வதா, இரண்டு நூற்றாண்டுகளாக அங்கே இல்லாதவர்களை எடுத்தார் என்று சொல்வதா? எங்களுக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. எழுதியவரும் இல்லை, படிப்பவரும் இல்லை. இருவருக்கும் நடுவில் நூல் மட்டும் காத்திருக்கிறது.

ஆசிரியர் பெக்கரின் பாடத்தை ஹோஃபர் மறக்கவில்லை என்பதற்கு ‘பன்னிரண்டு’ என்னும் தொடர் சான்று. 1347-இல் பிரான்சின் கலே நகரை இங்கிலாந்து மன்னர் எட்வர்டு முற்றுகையிட்டு வென்றபோது, ஊர் மக்களைக் காப்பாற்றப் பெரியவர்கள் ஆறு பேர் கழுத்தில் கயிற்றுடன் தாமே உயிர் கொடுக்க முன்வந்தனர். அரசி பிலிப்பா மன்றாடி அவர்களைக் காப்பாற்றினார் என்பது வரலாறு. அந்த அறுவரையும் சிற்பி ரோடின் வெண்கலத்தில் வடித்தார். அச்சிற்பத்தின் பன்னிரண்டு வார்ப்புகள் கலே, லண்டன், பாரிஸ், கோபன்ஹேகன், டோக்கியோ, வாஷிங்டன் என்று பல நகரங்களுக்குப் போயின. ஹோஃபர் பன்னிரண்டையும் தேடிச்சென்று படமெடுத்தார். சிலை ஒன்றுதான், ஆனால் தோட்டத்துப் புல்லில் நிற்கும்போது ஒரு முகம், அருங்காட்சியகச் சுவருக்குள் நிற்கும்போது வேறொரு முகம். விலங்குக் காட்சிசாலைகளையும் இவ்வாறே தொடராக எடுத்திருக்கிறார். சிமெண்டுப் பாறைக்கும் வர்ணம் பூசிய சுவருக்கும் முன்னால் நிற்கும் அந்த விலங்குகளைப் பார்த்தால், யாரோ நாடகத்துக்குத் திரை கட்டிவிட்டு நடிகனிடம் கதையைச் சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

எல்லாப் படங்களும் எங்களுக்கு ஒரே அளவில் பிடித்துவிடவில்லை. ஓபரா அரங்குகளும் அரண்மனைகளும் பக்கத்துக்குப் பக்கம் வரும்போது பொன்னும் படிகமும் கண்ணைக் கூசச் செய்கின்றன. துருக்கியர் மளிகைக் கடையில் கிடைத்த நெருக்கம் அங்கே கிடைக்கவில்லை. ஆயினும் 2020-ஆம் ஆண்டை நினைத்துக்கொண்டு பார்த்தபோது வேறொன்று தோன்றியது. கொரோனாக் காலத்தில் பள்ளிகளும் ஆலயங்களும் அரங்குகளும் பூட்டிக்கிடந்த படங்களைச் செய்திகளில் பார்த்தோமே, அவை நெஞ்சை அடைத்தன. ஹோஃபரின் வெற்றுக் கூடங்கள் அப்படிச் செய்வதில்லை. விளக்கு எரிகிறது, நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன, தரை துடைத்திருக்கிறது. சற்று நேரத்தில் மணி அடித்து எல்லோரும் வந்துவிடுவார்கள் என்பது போன்ற வெறுமை அது.

2002-இல் காசல் நகரின் டாக்குமென்டா கண்காட்சியிலும், 2003-இல் வெனிஸ் கலை விழாவின் ஜெர்மன் அரங்கிலும் இவர் படைப்புகள் இடம்பெற்றன. நூலகப் படங்களின் தொகுப்பு 2005-இல் வெளிவந்தபோது இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோவின் கட்டுரை அதில் சேர்க்கப்பட்டது. 2018-இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் தனிச் சிறப்பு விருதும், 2024-இல் பெர்லின் கலைக் கழகம் வழங்கும் கேதே கோல்விட்ஸ் பரிசும் பெற்றார். அப்போது அவருக்கு எண்பது வயது.

கடைசியாக இன்னுமொரு படம். அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தை ஹோஃபர் 2004-இல் எடுத்தார். அந்தக் கூடத்துக்குப் பெயரே ‘நீள அறை’. ஏறத்தாழ 65 மீட்டர் நீளம். இருபுறமும் மாடி போல இரண்டு அடுக்குகளில் அலமாரிகள், மேலே பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்ததுபோல் வளைந்த மரக் கூரை. அங்கே வைத்திருந்த பழைய நூல்கள் இரண்டு லட்சம். ஒவ்வோர் அலமாரி வரிசையின் முனையிலும் அறிஞர் ஒருவரின் சலவைக்கல் மார்பளவுச் சிலை. படத்தில் ஓர் உயிருள்ள மனிதர்கூட இல்லை. ஆனால் அந்த வெண்ணிறத் தலைகள் மட்டும் இரு பக்கமும் வரிசையாக நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

நாங்கள் அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனோம். எல்லாம் ஆண்கள். பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம்: அக்கூடத்தில் அப்போது இருந்த நாற்பது சிலைகளும் ஆண்களுடையவையே. கூட்டம் நிறைந்த நாளில் போயிருந்தால் இது நம் கண்ணில் பட்டிருக்குமா என்பது ஐயமே. 2022 முதல் அங்குள்ள நூல்களைத் தூசு தட்டிப் பாதுகாப்பதற்காக அலமாரிகளிலிருந்து இறக்கத் தொடங்கினார்கள். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நான்கு புதிய சிலைகள் அங்கே வைக்கப்பட்டன. உயிரணுவின் மரபுப் பொருளின் வடிவத்தை அறிய உதவிய விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், கணித மேதை ஏடா லவ்லேஸ், அயர்லாந்து நாடக ஆசிரியை அகஸ்டா கிரெகரி, பெண்களின் கல்விக்காக எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் ஆகிய நால்வரின் சிலைகள் அவை. இன்று அந்தக் கூடத்துக்குப் போகிறவர்கள் பல அலமாரிகள் காலியாக இருப்பதையும் அந்த நான்கு பெண்களையும் காண்பார்கள். ஹோஃபரின் படத்தில் எல்லா அலமாரிகளிலும் நூல்கள் நிறைந்திருக்கின்றன. அந்த நால்வரும் இல்லை.